இது பம்பு இல்லீங்க, பாட்டில்

கண்ணு, நீயும் மாப்பிள்ளையும் சென்னையில் வாடகை வீடு பிடித்துப் பால் காய்ச்சி மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, "பெரியப்பா, ஜாம் பாட்டிலைத் திறக்க முடியலை, ரெண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துட்டு வெறும் பிரெட்டைத் தின்னுட்டுப் படுத்துட்டோம்" என்று. உன் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தாறு வருஷம் கோயமுத்தூர் பம்புசெட் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, கிணற்றுத் தண்ணீரில் துருவேறிப்போன போல்ட்டையெல்லாம் கழற்றியவன் நான். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்று அடுப்படிக்குள் வந்தபோது ஓர் எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலிடம் தோற்றேன். அந்தக் கதை கீழே வருகிறது.

பெரியம்மாவுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டில் திறப்பது என் வேலை. ஏழெட்டு வருஷத்தில் தெரிந்துகொண்டதை எண் போட்டு எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

1. திருப்புவதற்கு முன்னால் பார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, இறுகிய நட்டைக் காட்டினால் உடனே ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். "எதனால புடிச்சிருக்குன்னு சொல்லு, அப்புறம் தொடு" என்பார். துருவா, பெயின்ட்டா, மரை மாறி ஏறியிருக்கிறதா, இல்லை எவனாவது கடோத்கஜன் முறுக்கிவிட்டுப் போனானா என்று சொல்லியாக வேண்டும். பாட்டில் மூடிக்கும் அதே கேள்விதான். கடையிலிருந்து வந்த புது பாட்டில் அசையவில்லை என்றால், உள்ளே காற்றில்லாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. பாதி காலியான தேன் பாட்டில் என்றால் கழுத்தில் வழிந்த தேன் உறைந்து ஒட்டியிருக்கிறது. வெகுநாள் ஊறுகாய், தகர மூடி என்றால் உப்பு பட்டுத் துருவேறியிருக்கிறது. இது மூன்றும் இல்லையென்றால் மூடியில் ஒரு கோளாறும் கிடையாது, உன் கையில் எண்ணெய். இந்த நான்கில் எது என்று தெரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்தது. தெரியாமல் கருவியைத் தூக்கினால், அது எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் மல்லுக்கட்டுதான்.

2. மூடியின் நடுவில் விரலை வை.

ஜாம், சாஸ் பாட்டில்களின் தகர மூடி நடுவே நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் லேசாகக் குழிந்திருக்கும். அழுத்தினால் அசையாது. பண்டத்தைச் சூடாக நிரப்பி உடனே மூடிவிடுகிறார்கள். மேலே நிற்கும் ஆவி ஆறித் தண்ணீராகச் சுருங்கியதும் அந்த இடம் காலியாகிவிடுகிறது. வெளியே இருக்கும் காற்று மூடியை அமுக்குகிறது. எவ்வளவு அமுக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. 63 மில்லிமீட்டர் மூடிக்குப் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். உள்ளே பாதிக் காற்றுதான் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும் 15 கிலோவுக்குக் குறையாது. பத்துக் கிலோ அரிசிப் பையும் ஐந்து கிலோ பையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு அடியில், மூடிக்குள் ஒட்டியிருக்கும் ரப்பர் மாதிரியான வளையம் கண்ணாடியில் பதிந்து கிடக்கிறது. நீ திருப்பினால் அது நகர மறுப்பதில் என்ன அதிசயம்?

இதை 1657-லேயே ஜெர்மனியில் ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார் ஒருவர். மக்டெபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே. அரை மீட்டர் அகலத்தில் இரண்டு செம்பு அரைக்கோளங்களை வாயோடு வாய் சேர்த்து, உள்ளிருந்த காற்றைப் பம்பு வைத்து இழுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டினார். குதிரைகள் திணறின. அடைப்பானைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் அரைக்கோளங்கள் சும்மா பிரிந்துவிட்டன. பம்புக்காரனாகிய எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஜாம் பாட்டிலோடு நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு அந்தக் குதிரைகள் பார்த்த வேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஊட்டியில் வாங்கிய ஜாம் கோயமுத்தூர் வந்ததும் கூடுதலாக இறுகிக்கொள்வதும் இதனால்தான். அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் காற்று லேசு. அங்கே மூடியது இங்கே இறங்கும்போது அதே மூடியின் மேல் இன்னும் ஐந்தாறு கிலோ ஏறிக்கொள்கிறது. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதன் தலைகீழ்.

3. காற்றை உள்ளே விடு.

குதிரையை அவிழ்த்துவிட்டு அடைப்பானைத் திற. அவ்வளவுதான் வித்தை.

கடை பாட்டில்களின் தகர மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்விளிம்பில் நான்கோ ஆறோ சின்ன நகங்கள் மடங்கியிருக்கும். அவை கண்ணாடியின் சாய்ந்த புரிக்கு அடியில் போய்க் கவ்வுகின்றன. திறக்கக் கால் சுற்றுகூட வேண்டாம். இந்த வகை மூடியின் விளிம்பைத் துளி நெம்பினால் போதும், "டக்" என்று சத்தம் வரும், நடுவில் குழிந்த வட்டம் மேலே எழும்பும். அப்புறம் உன் சுண்டுவிரலுக்கு அடங்கும்.

நெம்புவதற்கு நல்ல கருவி சோடா பாட்டில் ஓப்பனர். அதன் பல்லை மூடியின் கீழ்விளிம்பில் மாட்டு, முன்பக்க வளைவு மூடியின் தலைமேல் உட்காரட்டும், கைப்பிடியை மெதுவாக உயர்த்து. பாரம் முழுக்க மூடிமேலேயே விழும், கண்ணாடிக்குச் சேதமில்லை. இதே தத்துவத்தில் டென்மார்க்கில் பிளாஸ்டிக்கில் ஜார்கீ என்று ஒரு சாவி செய்து விற்கிறார்கள். கைக்குள் அடங்கும், மூடியை நசுக்காது. வெளிநாட்டில் இருந்து யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால் சென்ட் பாட்டிலுக்குப் பதிலாக இதைச் சொல்.

ஓப்பனர் இல்லையென்றால் கெட்டியான எவர்சில்வர் ஸ்பூனின் நுனியை விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விட்டு, சாவி திருப்புகிற மாதிரி லேசாகத் திருப்பு. ஓரிடத்தில் வரவில்லையென்றால் இரண்டு விரல் தள்ளி இன்னொரு இடத்தில். கத்தி முனை வேண்டவே வேண்டாம். நழுவினால் இன்னொரு கையின் உள்ளங்கைதான் இலக்கு. கண்ணாடி விளிம்பில் ஒரு சில்லு தெறித்தாலும் உள்ளே இருப்பதை யோசிக்காமல் கொட்டிவிடு.

பிளாஸ்டிக் மூடிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே காற்றைத் தடுப்பது பெரும்பாலும் மூடியல்ல, உள்ளே வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள்.

4. முதல் கருவி ரப்பர்.

உனக்கு ஒரு பட்டறை ரகசியம் சொல்கிறேன். கையால் மூடி திறப்பவர்கள் தங்கள் பலத்தில் பெரும்பங்கைத் திருப்புவதில் செலவழிப்பதில்லை, நழுவாமல் இறுக்கிப் பிடிப்பதில்தான் செலவழிக்கிறார்கள். முகம் சிவப்பதும் விரல் வெளுப்பதும் அந்தப் பிடியால். நழுவாத ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் அந்தப் பலம் அப்படியே திருப்புவதற்குக் கிடைக்கும்.

கடையில் இதற்கென்றே வட்டமாக ரப்பர் விரிப்பு விற்கிறார்கள். நான் வாங்கியதில்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, வெயிலில் காயவைத்தால் அதைவிட நல்ல கருவி உலகத்தில் இல்லை. உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பவுடர் போகிறவரை தேய்த்துக் கழுவவேண்டும், அது வழுக்கும். அப்பார்ட்மென்ட்டில் சைக்கிள் டியூபுக்கு எங்கே போவது என்று கேட்பாய். எந்தப் பஞ்சர் கடையிலும் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இருந்தால் அதைப் போட்டுக்கொண்டும் திருப்பலாம். சின்ன மூடி என்றால், நகப்பாலிஷ் மாதிரி, நாலைந்து ரப்பர் பேண்டைச் சுற்றிவிடு.

கையும் மூடியும் ரப்பரும் மூன்றும் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையோடு ரப்பரைப் பிடித்துவிட்டு "பெரியப்பா சொன்னது வேலைக்காகலை" என்று போன் பண்ணாதே.

5. நீளமான பிடி பலத்தைப் பெருக்கும், தவற்றையும் பெருக்கும்.

மூடியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 3 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் கைப்பிடி ஒன்றை அதில் மாட்டினால் உன் கைபலம் ஐந்து மடங்காகிறது. ஸ்பேனரின் ரகசியம் இதுதான். ஆனால் மூடியைப் பிடிக்கிற விதத்தில் விஷயம் இருக்கிறது, கண்ணு. இங்கேதான் என் எலுமிச்சங்காய்க் கதை.

ஓய்வுபெற்று இரண்டு மாதம் இருக்கும். பெரியம்மா போட்டு வைத்த எலுமிச்சங்காய் ஊறுகாய், பெரிய கண்ணாடி பாட்டில், தகர மூடி. அவளுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. நான் என்ன செய்தேன், பரண்மேல் இருந்த டூல் பெட்டியை இறக்கி, பத்து அங்குல பைப் ரெஞ்சை எடுத்து வந்தேன். அவள் வாசற்படியில் நின்று, "ஏனுங்க, இது பம்பு இல்லீங்க, பாட்டில்" என்றாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மாட்டி இழுத்தேன்.

பைப் ரெஞ்சின் குணம், இழுக்க இழுக்க வாய் நெருங்கிக்கொண்டே போவது. இரும்புக் குழாய் அதைத் தாங்கும். தகர மூடி தாங்குமா? இரண்டு பக்கத்தில் கவ்வப்பட்ட வட்டம் முட்டையாக நசுங்கிற்று, நசுங்கிய மூடி மரையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் இன்னும் இழுத்தேன். பாட்டிலின் கழுத்து, மூடியோடு சேர்ந்து, சுத்தமாகக் கையில் வந்துவிட்டது. வேட்டி முழுக்க ஊறுகாய். தெய்வாதீனமாக விரலில் ஒரு கீறலோடு போயிற்று. ஒரு வருஷத்து ஊறுகாயைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்த என்னிடம் அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது முதலில் சொன்னதைத்தான் திரும்பச் சொன்னாள்.

என் தவறு மறுநாளே எனக்குப் புரிந்துவிட்டது, அதுதான் வெட்கம். முலாம் பூசிய குழாயைப் பட்டறையில் யாரும் பைப் ரெஞ்சால் தொடமாட்டார்கள், பெல்ட் ரெஞ்ச் போடுவார்கள். கைப்பிடியில் கோத்த ஒரு ரப்பர் பட்டை, அதைச் சுற்றிப்போட்டு இழுத்தால் வட்டம் முழுக்க ஒரே மாதிரி இறுகும், ஓரிடத்தில் கவ்வாது, நசுக்காது. இன்று அதையே சமையலறைக்கென்று பிளாஸ்டிக் கைப்பிடி வைத்து விற்கிறார்கள். கார் ஆயில் ஃபில்டர் கழற்றுகிற சின்ன பட்டை ரெஞ்ச் புதிதாக வாங்கினாலும் சரிதான். எந்த அளவு மூடிக்கும் ஒத்துவரும். பட்டையை மாட்டும்போது, இழுக்கிற திசையில் அது இறுகுகிறதா என்று ஒருமுறை பார். தலைகீழாக மாட்டினால் சும்மா சுற்றும்.

இரண்டு கைப்பிடியோடு கொறடு மாதிரி, உள்பக்கம் பல் வைத்த ஸ்டீல் ஓப்பனரும் கிடைக்கும். திருகைச் சுற்றி வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நல்ல கருவிதான், ஆனால் அமுக்கும் கையில் நிதானம் வேண்டும், இல்லையென்றால் என் எலுமிச்சங்காய்க் கதைதான். படிப்படியாக வட்டங்கள் அடுக்கிய பிளாஸ்டிக் ஓப்பனர், தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் மூடிகளுக்குச் சரி. ஊறுகாய்க்கு உதவாது.

6. கதவு இடுக்கு.

உன் அப்பாவும் நானும் சின்னப் பையன்களாக இருந்தபோது, திறக்காத மூடியைக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்து, ஒருவன் கதவை லேசாகச் சாத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் பாட்டிலைத் திருப்புவான். கதவில் பெயின்ட் போகும், பாட்டிக்குத் தெரிந்தால் முதுகில் இரண்டு விழும். ஆனால் அந்தக் குறும்பில் ஒரு தத்துவம் இருந்தது. மூடியைக் கதவு பிடித்துக்கொள்ள, பாட்டிலைத் திருப்ப இரண்டு கையும் ஓய்வாகக் கிடைத்தன.

அதையே ஒழுங்காகச் செய்வதுதான் V வடிவ ஓப்பனர். பல் வைத்த இரண்டு எஃகுப் பட்டைகள் ஒரு முனையில் நெருங்கி மறுமுனையில் விரிந்திருக்கும். அலமாரிப் பலகையின் அடியில் திருகாணி போட்டு முடுக்கிவிடலாம். மூடியை அகலமான பக்கம் நுழைத்து, சிக்குகிற வரை உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் பாட்டிலின் உடம்பைப் பிடித்துத் திருப்பவேண்டியது. சின்ன பிளாஸ்டிக் மூடி முதல் பெரிய தகர மூடி வரை எல்லாம் அடங்கும். விரல் மடக்க முடியாதவர்களுக்கு இதைவிட உகந்தது எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்கு நான் மாட்டிக்கொடுத்தது இதுதான். வாடகை வீடு என்பதால் திருகாணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

7. வெந்நீர், கை பொறுக்கிற சூட்டில்.

"தகரம் விரியும், கண்ணாடி விரியாது" என்று எல்லாரும் சொல்வார்கள். கண்ணாடியும் விரியத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக. 63 மில்லிமீட்டர் தகர மூடியை 50 டிகிரி சூடேற்றினால் அதன் குறுக்களவு 0.04 மில்லிமீட்டர் கூடும். ஒரு தலைமுடியில் பாதி. இதனால் மட்டும் மூடி கழன்றுவிடாது. வெந்நீர் உண்மையில் வேறு இரண்டு வேலை செய்கிறது. கழுத்தில் உறைந்த தேனையும் சர்க்கரைப் பாகையும் நெய்யையும் இளக்குகிறது. மூடிக்கு அடியில் நிற்கும் காற்றும் ஈரமும் சூடாகி, அந்த 15 கிலோ பாரத்தில் கொஞ்சம் குறைகிறது.

ஆகவே தேன், வெல்லப்பாகு, நெய், ஜாம் என்று ஒட்டுகிற சாதி எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான் முதல் மருந்து. ஒரு கிண்ணத்தில் இரண்டு விரல் ஆழம் வெந்நீர் விட்டு, பாட்டிலைத் தலைகீழாக, மூடி மட்டும் முங்கும்படி இரண்டு நிமிஷம் பிடி. துடைத்துக் காயவிட்டு ரப்பர் போட்டுத் திருப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை நேராகக் கொதிநீரில் வைத்தால் விரிசல் விடும். அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் தணிந்தபின் செய். ஃப்ரிட்ஜில் இருக்கும்போது மூடி கூடுதலாக இறுகியிருப்பதும் வழக்கம்தான், உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கும்.

8. தட்டு, அடிக்காதே.

துருவேறிய மூடிக்கும் பாகு உறைந்த மூடிக்கும் மரக்கரண்டிக் காம்பால் விளிம்பைச் சுற்றி எட்டுப் பத்து இடத்தில் தட்டு. உள்ளே பிடித்திருக்கும் பொருக்கு உடையும். துருவுக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயை விளிம்பில் விட்டு இரவு முழுக்க விட்டுவிடு. பட்டறையில் மண்ணெண்ணெய் விடுவோம், அடுப்படியில் அது ஆகாது.

9. எந்தப் பக்கம்?

சிரிக்காதே. பதற்றத்தில் படித்தவர்களே மூடியை இன்னும் இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திறக்கும். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தால் குழம்பும், நிமிர்த்திக்கொள். (டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி மட்டும் கடிகார முள் போகும் பக்கம் திறக்கும். அதை மாற்றித் திருப்பி உடைத்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர்.) மருந்து பாட்டிலில் சில மூடிகள் எவ்வளவு சுற்றினாலும் "கடகட"வென்று சும்மா சுற்றும். குழந்தைகள் திறக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அழுத்திக்கொண்டே திருப்பு.

10. உயரம் பார்த்து நில்.

மேடைமேல் வைத்து மார்பு உயரத்தில் திருப்பினால் மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்யும். இடுப்பு உயரத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்து, அடியில் ஈரத்துணி விரித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையை மூடிமேல் பரப்பித் தோளோடு திருப்பு. வயிற்றோடு அணைக்காதே, காரணம் ஐந்தாவதில் இருக்கிறது.

11. கட்டைவிரலைக் காப்பாற்று.

இதை உனக்குச் சொல்வதைவிட உன் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். பெரியம்மாவின் கை நாற்பது வருஷம் துணி பிழிந்து, மாவாட்டி, பாட்டில் திருகி ஓய்ந்த கை. கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்து எதையாவது கிள்ளிப் பிடித்தால், அதன் அடிமூட்டில் ஏறுவது சுமார் 12 கிலோ. மூடி திருப்புவது, சாவி திருப்புவது, ஈரத்துணி முறுக்குவது எல்லாம் இந்த மூட்டைத்தான் அரைக்கின்றன. வலி வந்த பின் அவள் என்ன செய்தாள் தெரியுமா? என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, திறக்க வராத பாட்டில்களை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டாள். ஒரு பொங்கலுக்கு அலமாரியை ஒழித்தபோது ஆறு பாட்டில் அப்படிக் கிடைத்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் இதே நிலைமையில் இருந்திருக்கிறார். மூட்டுவலிக்காரியான மனைவி பெட்ஸி தோல் சீவும் கத்தியோடு படும் பாட்டைப் பார்த்து, 1990-ல் தடிமனான ரப்பர் கைப்பிடி வைத்த சமையலறைக் கருவிகளை ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்: ஓப்பனர் வாங்கும்போது பல்லை அப்புறம் பார், முதலில் கைப்பிடியைப் பிடித்துப் பார். சன்னமான தகரக் கைப்பிடி உள்ளங்கையில் உறுத்தும், அதைப் பிடிக்கவே பலம் போய்விடும். கட்டைவிரலைச் சேர்க்காமல் மற்ற நாலு விரலால் வளைத்துப் பிடித்து இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே நின்று பார்த்து வாங்கு. கைப்பிடி மெலிந்தது ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதே சைக்கிள் டியூபைச் சுற்றிவிடலாம்.

12. திறக்கக் கூடாத மூடியும் உண்டு.

தகர மூடி போட்ட புது பாட்டிலைத் திறக்கும்போது "டக்" சத்தம் வராமல் வழுவழுவென்று வந்துவிட்டால் சந்தோஷப்படாதே, யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் அல்லது மூடி காற்றுப் போகவிட்டிருக்கிறது. கடைக்குத் திருப்பிக் கொடு. மூடி மேல்நோக்கி உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு உண்டாக்கியிருக்கிறது. திறக்காதே, ருசி பார்க்காதே, கட்டிக் குப்பையில் போடு. வீட்டு ஊறுகாய் வெயிலில் பொங்கி நுரைத்திருந்தால், தொட்டியில் வைத்து மேலே துணி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து, மூஞ்சியை மேலே நீட்டாதே. எதுவானாலும் கெட்ட வாசனை அடித்தால் அதைக் காப்பாற்ற முயலாதே.

13. மூடுகிற கையே திறக்கிற கை.

1858 நவம்பர் 30-ல் அமெரிக்காவில் ஜான் மேசன் என்ற தகரவேலைக்காரர் கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் மரை போட்டுத் திருகு மூடி மாட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் அங்கே வீடுகளில் மெழுகு உருக்கி ஊற்றி அடைப்பார்கள். நம் பாட்டிகளோ பீங்கான் பரணியின் வாயில் வெள்ளைத்துணி கட்டினார்கள். துணியைத் திறக்க ஓப்பனர் எதற்கு? திருகு மூடி வந்ததும்தான் இத்தனை பாடும் வந்தது. அதனால் மூடும்போதே நாலு விஷயம் பார்.

பாட்டிலின் கழுத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடு. தேன், வெல்லப்பாகு என்றால் மரையில் ஒரு துளி எண்ணெய் தடவு. கொதிக்கிற நெய்யை ஊற்றி உடனே மூடாதே, ஆறட்டும். காற்று போகக் கூடாது என்று பாலித்தீன் தாளை வாயில் போட்டு அதன்மேல் மூடி திருகுகிறார்களே, அந்தத் தாள் மரைக்குள் மடிந்து போய்ச் சிக்குவதுதான் பல வீடுகளில் மூடி திறக்காததற்குக் காரணம். வாய் அளவுக்கு வட்டமாக வெட்டி உள்ளே வை, மரைக்கு வெளியே நீட்டாதே. முடுக்கும்போது விரல் நுனி போதும். வேலை செய்யாத ஆம்பிளைகள் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கி வைப்பார்கள், தாங்கள் வீட்டில் இருப்பதற்கு அடையாளமாக. மாப்பிள்ளை அப்படிச் செய்தால் என் பெயரைச் சொல்.

14. எவர்சில்வர் டம்ளர் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று சிக்கினால்

இது பாட்டில் இல்லை, ஆனாலும் வெந்நீர் வைத்தியம்தான். உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்று, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்து. ஒன்று சுருங்க, ஒன்று விரிய, பிரிந்துவிடும். சூடான சாதம் போட்டு மூடிய டிபன் பாக்ஸும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் வைத்தால் விடும்.

பார்சல் புதன்கிழமை வந்து சேரும். பெரியம்மா தக்காளித் தொக்கும் நாரத்தங்காயும் போட்டிருக்கிறாள். தொக்கு பாட்டிலை ஆறவைத்து அவளே மூடினாள், உன் விரலுக்கே வரும். நாரத்தங்காய் பாட்டிலை நான்தான் மூடினேன், வழக்கம்போலக் கடைசி முறுக்கும் போட்டுவிட்டேன் என்று அவள் இப்போதும் திட்டிக்கொண்டிருக்கிறாள். அட்டைப் பெட்டியின் அடியில் பழைய பேப்பரில் சுருட்டி ஒரு சாண் சைக்கிள் டியூப் இருக்கிறது. குப்பை என்று எறிந்துவிடாதே. கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.